பதினோராம் பக்கம்

என் நாத்தனாருக்கு வீட்டில் வைத்த பெயர் ஊசி. ஒல்லியாக இருந்ததால் என் கணவர் சின்ன வயதில் தன் தங்கைக்கு வைத்த பெயர் அது. பிறகு அவள் தையல் ஆலையில் வேலைக்குச் சேர்ந்ததும் அளவெடுத்துத் தைத்ததுபோல அந்தப் பெயர் பொருந்திவிட்டது. அதிகம் பேச மாட்டாள். நான் பத்துப் பேச்சுப் பேசினால் அவள் ஒன்று பேசுவாள், அந்த ஒன்று சுருக்கென்று இருக்கும். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தெருவே சொல்லும். மறுக்கவில்லை. இதிலும் நாலு இடத்தில் கத்தப் போகிறேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சட்டைக்குக் காலர் வைப்பது அவள் வேலை. வெள்ளைச் சட்டை மட்டும். வரிசைக்கு முப்பத்திரண்டு மிஷின், அதில் பதினேழாவது அவளுடையது. ஜன்னலோரம், ஃபேன் காற்று நேராக விழும் இடம். ஆறு வருஷம் காத்திருந்து வாங்கினாள். கல்யாணப் பேச்சு இரண்டு தரம் வந்து நின்றுபோனபோது நாங்கள்தான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தோம். அவள், "விடுங்க அண்ணி, எனக்கு என் மிஷின் இருக்கு" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இருமல் வந்தது. பஞ்சுத் தூசி என்றோம். இளைத்தாள். ஏற்கெனவே ஊசி, இதற்குமேல் இளைக்க என்ன இருக்கிறது என்று நான்தான் கேலி செய்தேன். நெஞ்சு ஆஸ்பத்திரியில் சளியைப் பரிசோதித்து, டி.பி. என்று எழுதிக் கொடுத்தபோது என் கேலி நின்றுபோனது. என் மகளுக்கு அப்போது நாலு வயது. அத்தை மடியைவிட்டு இறங்க மாட்டாள்.

அன்று சாயங்காலம் நான் செய்ததைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் எட்டு எவர்சில்வர் டம்ளர்கள், எட்டும் ஒரே மாதிரி. அதில் ஒன்றைக் கவிழ்த்து, அடியில் என் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தேன். மிளகு அளவுதான் இருக்கும். தண்ணீரானாலும் டீயானாலும் அவளுக்கு அந்த டம்ளரில்தான் கொடுப்பேன். என் கணவருக்குக்கூடச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். பயத்தில் செய்தேன் என்று இன்றைக்கும் சொல்வேன், ஆனால் சொல்லும்போது நிமிர்ந்து பார்க்க வராது.

ஆலையில் மஞ்சள் காமாலை என்று சொல்லி மூன்று வாரம் லீவு எடுத்தாள். பொய் சொல்லக் காரணம் இருந்தது. அயர்ன் பிரிவில் ஒரு பெண்ணுக்கு இதே நோய் என்று தெரிந்ததும், மறுநாள் கேட்டிலேயே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, "நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு வாம்மா" என்று அனுப்பினார்கள். அந்த ரெஸ்ட் இன்னும் முடியவில்லை. ஊசி மூன்று வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். ஆறு மாதம் ஒரு நாள் விடாமல் மாத்திரை போட்டாள், குணமானாள். அந்த ஆறு மாதமும் வீட்டில் வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலம் மட்டும் தண்ணீராய்ச் செலவானது. "நீலத்தைக் குடிக்கிறியா என்ன?" என்று ஒருநாள் கத்தினேன். அவள் பாட்டுக்குப் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டியது. போன வருஷம் அதே ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்தார். ஆறு மாத மருந்தை நாலு மாதமாகக் குறைக்க முடியுமா என்று ஓர் ஆராய்ச்சி தொடங்கியிருக்கிறார்களாம். அதை எப்படி நடத்தினால் சரியாக இருக்கும் என்று சொல்ல, நோய் வந்து குணமானவர்களை வைத்து ஒரு கமிட்டி போடுகிறார்களாம். "நீங்க வரணும்மா" என்றார் ஊசியைப் பார்த்து.

நான் சிரித்துவிட்டேன். "இவளா? இவ வீட்லயே வாயைத் திறக்க மாட்டா. டாக்டருங்களுக்கு யோசனை சொல்லப் போறாளாக்கும்!"

"எந்தக் கிழமை?" என்று மட்டும் கேட்டாள் ஊசி.

மாதத்தில் முதல் சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுப் போனாள். எனக்கும் அந்த ஆராய்ச்சிக்கும் வேறொரு சம்பந்தமும் வந்து சேர்ந்தது. நான் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். ஆராய்ச்சியில் சேருகிறவர்களிடம் கொடுக்கும் விளக்கத்தாளை நர்ஸ் எங்கள் கடையில்தான் நகல் எடுப்பார். பதினாலு பக்கம்! எங்கள் வீட்டுப் பத்திரமே ஆறு பக்கம்தான். முதல் இரண்டு பக்கத்தைப் படித்துவிட்டு, "இதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள நாலு மாசம் ஓடிடும், மருந்தே வேணாம்" என்று கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரித்தேன். மூன்றாம் பக்கத்துக்கு நான் போகவே இல்லை.

முதல் மூன்று கூட்டத்திலும் ஊசி பேசவில்லை. அங்கே ஒரு பஸ் கண்டக்டர் இருக்கிறார், அவரும் குணமானவர், எல்லாருக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார் என்றாள். "நீ என்ன பண்ணுவ?" என்றால், "பிஸ்கட் சாப்பிடுவேன்" என்பாள்.

நாலாவது கூட்டம் முடிந்து வந்தவள் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"என்னடி?"

"ஆராய்ச்சியில சேந்த தையல்காரப் பொம்பளைங்க இருபது பேரு. அதுல பதிமூணு பேரு ரெண்டாம் மாசமே நின்னுட்டாங்களாம். வாந்தி வருது, அதான் நின்னுட்டாங்கன்னு டாக்டரம்மா சொல்றாங்க. வாந்தி வந்தா என்ன பண்ணணும்னு நோட்டீஸ் அடிக்கப் போறாங்க."

"சரி, அடிக்கட்டும். எங்க கடைக்கு வேலை."

"வாந்தி இல்ல அண்ணி."

"பின்ன?"

சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிக்கொண்டே வேறு பேச்சுக்குப் போனாள். அடுத்த கூட்டத்துக்கு ஆலைகளிலிருந்தும் ஆள் கூப்பிட்டிருக்கிறார்களாம். அவளுடைய ஆலையின் நலத்துறை அதிகாரி வருகிறாராம். அயர்ன் பிரிவுப் பெண்ணின் அட்டையைக் கேட்டில் நின்று வாங்கிக்கொண்டாரே, அதே ஆள்.

அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் இதே பேச்சு. என் கணவர் லோடு வண்டி ஓட்டுகிறவர், சத்தமில்லாத மனிதர். அவரே சொன்னார்: "காய்ச்சல்னு சொல்லிட்டு வீட்ல இரு. உனக்கு நல்லாயிடுச்சு. மத்தவங்களைப் பத்தி உனக்கென்ன?"

"அந்தப் பதிமூணு பேருக்கு நல்லாகலையே" என்றாள்.

நான் கத்தினேன். "நீ பெரிய தியாகியா? அந்த ஆளு முன்னாடி போய் உக்காந்தா உன் மிஷின் போச்சு, தெரியுதா? ஆறு வருஷம் காத்துக் கெடந்து வாங்கின எடம். வேற எவனும் உனக்கு வேலை குடுக்க மாட்டான்!"

"தெரியுது அண்ணி."

"அப்பறம்?"

"போறேன்."

விட்டேனா பார் என்று நானும் கூடவே கிளம்பினேன். கமிட்டிக்கு வீட்டார் ஒருவரும் வரலாம் என்று நர்ஸ் எப்போதோ சொல்லியிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறந்தால் காலை மிதித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

பழைய எக்ஸ்ரே படங்கள் அடுக்கி வைத்த அறை. காற்று வரட்டும் என்று ஜன்னல்களை அகலத் திறந்து வைத்திருந்தார்கள், மேஜை மேல் காகிதங்கள் படபடத்தன, ஒவ்வொன்றின் மேலும் ஒரு மருந்து பாட்டிலை வைத்திருந்தார்கள். டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும், கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. எதிரே நலத்துறை அதிகாரி, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில். அந்தக் காலரை இவளே வைத்திருப்பாள். அவருக்கு இவளை அடையாளம் தெரியவில்லை. இருநூறு பேரில் ஒரு தலை.

டாக்டரம்மா வாந்தி நோட்டீஸைக் காட்டினார். கண்டக்டர், "நல்லா இருக்கு, இஞ்சி டீ பத்தியும் போடுங்க" என்றார். அதிகாரி தலையாட்டினார். என் பக்கத்து நாற்காலி நகர்ந்தது. நான் காலை நீட்டுவதற்குள் ஊசி எழுந்து நின்றுவிட்டாள்.

"வாந்தி இல்லீங்க. அது பாத்ரூம்."

"பாத்ரூமா?" என்றார் டாக்டரம்மா.

"அந்த மாத்திரை போட்டா சிறுநீர் ஆரஞ்சு கலர்ல போவும். காலையில ஏழரை மணிக்கு இங்க வந்து உங்க முன்னாடி முழுங்கிட்டு ஓடறோம். மத்தியானம் வரைக்கும் கலர் போவாது. எங்க ஆலையில இருநூறு பேருக்கு நாலு பாத்ரூம். வாசல்ல எப்பவும் நாலு பேரு நிப்பாங்க. ஒரு மக்குத் தண்ணிதான், ஊத்தினாலும் நிறம் நிக்கும். அடுத்து உள்ள வர்றவ பாத்துடுவா. பாத்தா சாயங்காலத்துக்குள்ள வரிசை முழுக்கத் தெரியும். அதனால தண்ணி குடிக்காம அடக்கிட்டு உக்காந்திருப்போம். ஒரு மாசம் தாங்கும். அப்பறம் மாத்திரையை விட்டுடுவாங்க. உங்ககிட்ட வந்து பாத்ரூம்னு எப்படிச் சொல்லுவாங்க? வாந்தின்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க."

அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. காலை மிதிக்க மறந்துபோனேன்.

"நீங்க எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"துணிக்குப் போடற நீலம் ஒரு சின்ன பாட்டில்ல எடுத்துட்டுப் போவேன். முடிச்சதும் நாலு சொட்டு ஊத்திடுவேன், ஆரஞ்சு மறைஞ்சிடும். மொத நாள் நெறைய ஊத்திட்டேன். பச்சையா, சாக்கடை மாதிரி ஆயிடுச்சு. யாரு இங்க துணிக்குச் சாயம் போடறதுன்னு சூப்பர்வைசர் ஒரு வாரம் தேடினாரு."

கண்டக்டர் வாய்விட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நீலத்தைக் குடிக்கிறாயா என்று கத்தியது ஞாபகம் வந்தது. அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே பாவி, வீட்டில் ஒரு வார்த்தை சொன்னாளா?

அதிகாரி முன்னால் சாய்ந்தார். "நீங்க எந்த ஆலையில வேலை செய்யறீங்க?"

ஏதாவது ஒரு பெயரைச் சொல்லடி, ஊரில் எத்தனை ஆலை இருக்கிறது என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"உங்ககிட்டதாங்க சார். பதினேழாவது மிஷின்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பேனாவைத் திறந்து நோட்டில் ஏதோ எழுதினார். ஊசி அவரைப் பார்க்காமல் டாக்டரம்மா பக்கம் திரும்பினாள். "மாத்திரையைக் காலையிலதான் போடணும்னு மருந்துல இருக்குதாங்க?"

"இல்லம்மா. தினமும் ஒரே நேரத்துல போடணும். அவ்வளவுதான்."

"அப்ப காலைன்னு யாரு முடிவு பண்ணினது?"

டாக்டரம்மா காகிதத்தின் மேல் இருந்த பாட்டிலை எடுத்துத் திரும்ப வைத்தார். "எங்க மருந்துக் கவுண்ட்டர் காலையிலதான் தெறக்கும். அதனால காலைன்னு எழுதிட்டோம்" என்றார். அந்த அம்மாளை அந்த இடத்தில் எனக்குப் பிடித்துவிட்டது. பூசி மெழுகவில்லை.

"வேலை விட்டு வர்ற நேரத்துக்குத் தெறந்து வைங்க. ராத்திரிக்குள்ள கலர் போறது போயிடும். மிச்சம் இருந்தா எங்க வீட்டு பாத்ரூம்ல போவட்டும், வீட்ல இருக்கறவங்களுக்கு நோய் தெரியும்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

திட்டத்தை மாற்ற மேலே அனுமதி வாங்க வேண்டும், அன்றைக்கே எழுதுகிறேன் என்றார் டாக்டரம்மா. கிளம்பும்போது ஊசி கையில் ஒரு கடிதமும் கொடுத்தார். இவர் இரண்டு வருஷத்துக்கு முன்பே முழுக்கக் குணமானவர், இவரால் யாருக்கும் நோய் வராது என்று முத்திரை வைத்த கடிதம். வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே வந்தேன். அவள் பஸ் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

திங்கட்கிழமை எனக்குக் கடையில் கையே ஓடவில்லை. யாரோ ஒருவருடைய சான்றிதழை முன்பக்கமே இரண்டு தரம் எடுத்துக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். சாயங்காலம் அவள் கையில் அடையாள அட்டை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். கழுத்தில் தொங்கியது.

"மிஷின்?"

"இருக்கு. அதிகாரிகிட்ட கடுதாசியைக் குடுத்தேன். ரெண்டு தரம் படிச்சாரு. போய் வேலையைப் பாருன்னுட்டாரு."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அப்பறம் ஏண்டி முகம் இப்படி இருக்கு?"

பையை ஆணியில் மாட்டினாள். "மத்தியானத்துக்குள்ள வரிசைக்கே தெரிஞ்சுபோச்சு. தண்ணி டிரம் பக்கத்துல எனக்குன்னு தனியா ஒரு டம்ளர் வெச்சிருக்காங்க. கலந்துடக் கூடாதுன்னு சிவப்பு நூல் சுத்தியிருக்கு."

"எவ அவ?" என்று நான் கத்திய கத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "யாரு செஞ்சது, பேரைச் சொல்லு! நாளைக்குக் கேட்ல வந்து நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி கேக்கறேன்! மனுஷங்களா இவங்க? கூட உக்காந்து சாப்பிட்டவளுக்குத் தனி டம்ளர் வெக்க எப்படி மனசு..."

அந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. எங்கள் சமையலறை அலமாரியில் எட்டு டம்ளர்கள் கவிழ்ந்திருந்தன. ஊசி என்னைப் பார்த்தாள். உள்ளே போய்த் தண்ணீர் குடித்தாள்.

அடுத்த மாதச் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை, நானே போனேன். அனுமதி வந்துவிட்டது என்றார் டாக்டரம்மா. இனி சாயங்காலமும் கவுண்ட்டர் திறந்திருக்கும். நின்றுபோனவர்களில் நாலு பேர் திரும்ப வந்திருக்கிறார்கள். எல்லாரும் ஊசியைப் பார்த்தார்கள், அவள் பிஸ்கட்டைப் பார்த்தாள். அதிகாரியும் வந்திருந்தார், கடைசி நாற்காலியில்.

"இது எங்களுக்குத் தோணவே இல்ல" என்றார் டாக்டரம்மா. "நாங்க கேக்காம விட்டது வேற என்ன இருக்கு? சொல்லுங்க."

நான் எழுந்து நின்றேன். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன், தெருவே பயப்படுகிற நான்.

"எங்களைக் கேக்கலையே டாக்டரம்மா. வீட்ல இருக்கறவங்களை. இவளுக்கு நோய் வந்தப்ப நான் இவ டம்ளர்ல நகப்பூச்சு வெச்சேன். இவளுக்குத் தெரியாம. எனக்குச் சின்னக் கொழந்தை. பயம். நீங்க மாத்திரை எத்தனை நாள்னு சொன்னீங்க. அந்தப் புள்ளியை எத்தனாவது நாள் அழிக்கலாம்னு எங்ககிட்ட யாரும் சொல்லல. இப்ப ஆலையில எவளோ நூலு சுத்தறான்னு நான் எப்படிக் கோவப்படறது? அவகிட்டயும் யாரும் சொல்லல."

டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார்: "டம்ளர், தட்டு வழியா இது பரவாதும்மா. காத்துலதான் பரவும். மருந்து வேலை செய்ய ஆரம்பிச்சா, பெரும்பாலும் கொஞ்ச வாரத்துல அதுவும் நின்னுடும். விளக்கத்தாள்ல போட்டிருக்கோமே. பதினோராம் பக்கம்."

பதினோராம் பக்கம். என் கையால் எத்தனை நூறு தரம் அந்தப் பக்கத்தைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்திருப்பேன்! சூடாக வெளியே வந்ததை எடுத்து, தட்டி, அடுக்கி, பின் அடித்தவள் நான். ஒரு தரம் படித்ததில்லை.

"எனக்குத் தெரியும் அண்ணி" என்றாள் ஊசி.

"பதினோராம் பக்கமா?"

"டம்ளர். மொத வாரமே தெரியும். பாத்திரம் கழுவிக் கவுக்கறது நான்தானே."

எனக்கு நாற்காலி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கண்டக்டர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"அப்பவே கேட்டிருக்கலாம்ல? நல்லா நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்ல என்னை?"

"எதுக்குக் கேக்கணும்? எனக்கும் பயம்தான், பாப்பாவுக்கு வந்துடுமோன்னு. நீங்க எடுத்துக் குடுக்காத நாள்லயும் அடியைப் பாத்து அதைத்தான் எடுப்பேன். இன்னிக்குக் காலையிலயும் அதுலதான் குடிச்சேன். என்னிக்கு நிறுத்தலாம்னு எனக்கும் யாரும் சொல்லலையே."

மூன்று வருஷம்! அவள் குணமானதும் நான் அந்தப் புள்ளியையே மறந்துபோய், எட்டு டம்ளரில் எது கைக்கு வந்தாலும் எடுத்து எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தேன். நான் கொடுத்ததைக் கீழே வைத்துவிட்டு, அவள் எழுந்து போய் அடியைப் பார்த்து மாற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். ஒரு தரம்கூட நான் கவனித்ததில்லை. அத்தனை பேர் முன்னால் நான் சத்தமாக அழுதேன். டாக்டரம்மா சமாதானம் சொல்ல வரவில்லை. விளக்கத்தாளைப் பிரித்து, பதினோராம் பக்கத்தை உருவி முதலில் வைத்தார். பிறகு வெள்ளைப் பலகைக்குப் போய், வீட்டாரிடமும் கூட வேலை செய்கிறவர்களிடமும் இனி என்னென்ன கேட்க வேண்டும் என்று எங்களையே சொல்லச் சொல்லி எழுதினார். பலகை நிறைந்துவிட்டது. பாதிக்கு மேல் நான் சொன்னது, மூக்கைச் சிந்திக்கொண்டே.

அந்தப் பக்கத்தை மறுவாரம் பெரிய எழுத்தில் நகல் எடுத்தேன், இந்த முறை படித்துவிட்டு. அதிகாரி கேட்டு வாங்கிப்போன ஒன்று ஆலையில் தண்ணீர் டிரம்முக்கு மேலே ஒட்டியிருக்கிறதாம். நூல் சுற்றிய டம்ளர் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதில் வேறு யாரும் இன்னும் குடிக்கவில்லை. ஆனால் பதினெட்டாவது மிஷின்காரி ஒருநாள் மிஷின் ஊசி வாங்குகிற சாக்கில் இவளிடம் வந்து, சாயங்காலக் கவுண்ட்டர் எத்தனை மணி வரைக்கும் என்று கேட்டுவிட்டுப் போனாளாம்.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கு நான் நேரே அலமாரிக்குப் போனேன். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். ஆறாவதில் இருந்தது, ஓரம் தேய்ந்து, பாதிப் புள்ளியாக. சுரண்ட நகத்தை வைத்தேன். பிறகு என்ன தோன்றியதோ, அதிலேயே தண்ணீர் மொண்டு நின்றபடியே முழுக்கக் குடித்தேன்.

ஊசி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத் தேச்சுக் கழுவி வைங்க அண்ணி" என்றாள். "உங்க கோவம் எனக்கு ஒட்டிக்கப் போவுது."